இரும்புச் சட்டத்தின் மேல் சிமென்ட் பலகை

செஞ்சி வட்டாரம் அண்மைக் காலத்தில் பார்த்த புயல்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மாதிரியானவை அல்ல. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே, காற்றுப் புயல். மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்ட ஃபெஞ்சல், மழைப் புயல். அதன் காற்று தானேவின் காற்றுக்கு அருகில் வராது. ஆனால் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஒரு வீட்டுச் சுவருக்கு இவை இரண்டு வெவ்வேறு பரீட்சைகள். காற்று சுவரைப் பிடுங்கப் பார்க்கும், மழை சுவருக்குள் நுழையப் பார்க்கும்.

செஞ்சிப் பக்கத்துத் தொண்டூர் போன்ற ஊரில் சுவர் என்றால் இதுவரை நமக்குத் தெரிந்தவை சிலவே: பழைய மண் சுவர், சூளைச் செங்கல், ஹாலோ பிளாக், அவசரத்துக்குத் தகரம். இந்த வரிசையில் இப்போது இன்னொன்று சேரப் பார்க்கிறது. துத்தநாகம் பூசிய மெல்லிய எஃகுத் தகட்டைச் சட்டமாக மடித்து நிறுத்தி, அதன் வெளிமுகத்தில் ஃபைபர் சிமென்ட் பலகைகளைக் கிடைமட்டமாக, ஒன்றின் தலையோரத்தை அடுத்ததன் அடியோரம் ஏறி மூடும்படி, வரிசை வரிசையாகத் திருகி ஏற்றுவது. நெடுஞ்சாலையோர உணவகங்களிலும் ரிசார்ட்டுகளிலும் நாம் பார்க்கும் 'மரப்பலகைச் சுவர்' பல நேரம் மரமே அல்ல, இதுதான். ஃபெஞ்சலுக்குப் பிறகு வீட்டைத் திருத்துகிறவர்கள், மொட்டைமாடியில் ஓர் அறை எடுக்க நினைப்பவர்கள், கொத்தனார் கிடைக்காமல் அலுத்தவர்கள் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். இது நமக்கு ஆகுமா, எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பதே கேள்வி.

அடிப்படைத் தத்துவத்தில் புதுமை ஏதுமில்லை. கீற்று வேய்கிறவர் கூரையின் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கீற்றும் தனக்குக் கீழே உள்ளதன் மேல் ஏறும்படி மேலே போகிறார். நீர் ஒரு கீற்றிலிருந்து அடுத்ததன் முதுகில் இறங்கி வெளியே விழும், உள்ளே திரும்ப வழியில்லை. பலகைச் சுவரும் அதே கணக்குத்தான், கூரையைச் செங்குத்தாக நிறுத்தியது போல. மலேசியத் தோட்டங்களின் பழைய லயங்களில் மரப்பலகை இப்படித்தான் அடிக்கப்பட்டது. டொராண்டோவில் வீடு வாங்கியிருக்கும் நம் உறவினர்கள் 'சைடிங்' என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அங்கே பெரும்பாலும் வினைல். பலகையின் வரலாறும் நீளமில்லை. ஆஸ்திரியாவின் லுத்விக் ஹாட்செக் 1901-இல் சிமென்டையும் கல்நாரையும் கலந்து தாள் தாளாக எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு அதன் நேர் வாரிசு. கல்நாரின் கேடு தெரிந்த பிறகு, 1980-களில் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனம் அதன் இடத்தில் மரக்கூழ் நாரைப் போட்டது. இன்று இந்தியாவில் எவரெஸ்ட், விசாகா, ராம்கோ போன்றவை ஃபைபர் சிமென்ட் போர்டு செய்கின்றன. தட்டைத் தகடுகளுக்கு ஐ.எஸ். 14862 என்ற தர விதி 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வெள்ளைக் கல்நார் நம் நாட்டில் இன்னும் முழுதாகத் தடைசெய்யப்படவில்லை. ஆகவே 'சிமென்ட் போர்டு' என்று கேட்டு வாங்கினால் போதாது, கல்நார் கலக்காதது என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

இந்தச் சுவரின் முதல் கவர்ச்சி எடை. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 500 கிலோ வரை இருக்கும். எஃகுச் சட்டம், வெளியே 8 மில்லிமீட்டர் பலகை, நடுவே வெப்பம் தடுக்கும் ராக்வூல், உள்ளே ஜிப்சம் போர்டு எல்லாம் சேர்த்தும் 40 கிலோ அளவில் நின்றுவிடும். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முப்பது ஆண்டுக்கு முன் ஒரு தளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்டிய வீட்டின் மேல் இன்னொரு தளம் எழுப்ப நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. கறையான் சட்டத்தை அரிக்காது. பலகை தீப்பற்றாது. செங்கல் நனைக்கவும் பூச்சு ஆற்றவும் தண்ணீர் தேட வேண்டாம். சித்திரையில் கட்டடம் கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கவர்ச்சியின் மறுபக்கமும் அதே எடைதான். செங்கல் சுவர் தன் கனத்தாலேயே நிற்கிறது. பலகைச் சுவர் நிற்பது திருகாணியால். திருகாணி நிற்பது அது கடித்துக்கொண்டிருக்கும் தகட்டின் தடிமனால். என் பார்வையில் தமிழகத்தில் இந்தச் சுவர் தடுமாறப்போகும் இடம் இதுதான். நம் ஊரில் எஃகுச் சட்டம் என்றால் வேலைக்கு வருகிறவர் ஃபால்ஸ் சீலிங் ஆள். அவர் கை பழகியது அலுவலகத் தடுப்புக்குப் போடும் அரை மில்லிமீட்டர் ஜி.ஐ. சேனல். அதில் அவர் வல்லவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏ.சி. அறைக்குள் காற்றே படாமல் நிற்கும் தடுப்புக்கான சட்டத்தை அப்படியே வெளிச்சுவருக்கு எடுத்து வந்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 விதியின் மூன்றாம் பகுதி, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர். செஞ்சி கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தாலும் அதே எண்ணை எடுத்துக்கொள்வது பாதுகாப்பான பக்கம். நிலவமைப்புக்கும் உயரத்துக்கும் உரிய திருத்தங்களை விட்டுவிட்டால், அந்த வேகம் ஒரு சதுர மீட்டரில் 1,500 நியூட்டன் அழுத்தம் தரும், ஏறத்தாழ 150 கிலோ. வீட்டின் மூலைகளில் காற்று சுவரைத் தள்ளுவதில்லை, உறிஞ்சி இழுக்கிறது. உள்ளறை அழுத்தமும் சேர்ந்தால் அந்த இழுப்பு ஒன்றரை மடங்கை நெருங்கும், 1.4 என்று கொள்வோம். 200 மில்லிமீட்டர் அகலப் பலகையில் 30 மில்லிமீட்டர் மேலேற்றம் போக 170 வெளியே தெரியும். சட்டங்கள் 600 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால், ஒரு திருகாணியின் தலையில் விழும் இழுப்பு சுமார் 214 நியூட்டன். நாம் போடும் 4.2 மில்லிமீட்டர் திருகாணி அரை மில்லிமீட்டர் தகட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர, தகட்டின் வலிமையை 350 மெகாபாஸ்கல் என்று கொண்டால், ஏறத்தாழ 625 நியூட்டன் வேண்டும். இந்த வேலைக்கு வழக்கமாக வைக்கும் பாதுகாப்பு எண் மூன்று. வகுத்தால் 208. அதாவது மூலைப் பலகை தோற்றுவிட்டது. அதே திருகாணியை 0.8 மில்லிமீட்டர் தகட்டில் போட்டால் அனுமதிக்கும் அளவு 333 ஆக உயர்கிறது. சட்ட இடைவெளியை 400 ஆகக் குறைத்தால் இழுப்பு 143-க்கு இறங்குகிறது. இரண்டையும் செய்தால் நிம்மதி. ஜேம்ஸ் ஹார்டியின் வழிகாட்டுதலும் 20 கேஜைவிட மெல்லிய சட்டத்தில் பலகை ஏற்ற அனுமதிப்பதில்லை. அது நம் கணக்கில் 0.8 மில்லிமீட்டரை ஒட்டி வரும். சட்டத்தின் துத்தநாகப் பூச்சையும் கேட்டு வாங்க வேண்டும். இருமுகமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் என்பது வெளிச்சுவருக்கு நியாயமான எதிர்பார்ப்பு. மரக்காணம் உப்பளப் பக்கம் கட்டுகிறவர் இதில் ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் சேராத ஒரு விஷயம் உண்டு. திருகாணி பலகையின் தலையோரத்திலிருந்து ஓர் அங்குலம் கீழே போகிறது, அடுத்த பலகை ஏறி அதை மறைத்துவிடுகிறது. பார்வைக்கு அழகு. ஆனால் பலகையின் அடியோரத்தை யாரும் பிடித்திருக்கவில்லை. பலமான காற்று அந்த ஓரத்துக்குள் விரலை விட்டு நெம்புகிறது. கடலூர், புதுச்சேரிக் கரையோரங்களில் அழகைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அடியோரத்திலும் முகத்தில் தெரியும்படி திருகாணி போட்டு இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடிப்பதே சரி. செஞ்சியில் குறைந்தது மூலைகளுக்கும் மேல்மாடிக்கும் அப்படிச் செய்யலாம்.

திருகுவதிலும் நுணுக்கம் உண்டு. மரத்தில் திருகாணி இழுத்துக்கொண்டு போகும், இறுகியது கைக்குத் தெரியும். தகட்டில் அப்படியல்ல. ஒரு சுற்று அதிகம் விட்டால் புரி அறுந்து, திருகாணி வெறுமே சுழலும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாத் தலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். மெஷினின் வேகத்தைக் குறைத்து, தலை பலகையின் முகத்தோடு சமமாக வந்ததும் நிறுத்த வேண்டும். பலகைக்குள் புதைந்துவிட்டால் அதன் பிடிப்பு போயிற்று. முனை தகட்டைத் துளைத்து மூன்று புரியாவது மறுபக்கம் தெரிய வேண்டும். சட்டம் சி வடிவம் என்பதால் அதன் திறந்த ஓரம் அழுத்தினால் வளையும். மடிப்புப் பக்கமாகத் துளைத்தால் வளைவு குறைவு. பலகைக்கு அடியில் போர்டோ நீர்த்தடுப்புத் தாளோ மூடியிருப்பதால் சட்டம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் முன்கூட்டியே ஒவ்வொரு சட்டத்துக்கும் மேலிருந்து கீழாகச் சாயக் கயிறு அடித்து வைப்பது. இதைத் தவிர்த்துவிட்டு அனுமானத்தில் திருகினால் பத்தில் இரண்டு காற்றில்தான் நிற்கும்.

முதல் வரிசைதான் சுவரின் தலையெழுத்து. அடுத்தடுத்த பலகைகள் கீழ்ப் பலகையின் மேல் சாய்ந்து நிற்கும், முதல் பலகைக்குச் சாய ஒன்றுமில்லை. ஆகவே பலகைத் தடிமனுக்குச் சமமான ஒரு பட்டையை அடியில் வைத்து அதற்கும் அதே சாய்வைக் கொடுக்க வேண்டும். இதை ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் தரையைப் பார்த்து ஏற்றினால், தரை அரை அங்குலம் சரிந்திருந்தால் கூரை வரை அந்தச் சரிவு ஏறிக்கொண்டே போகும். தரைக்கும் முதல் பலகைக்கும் இடையே குறைந்தது 150 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். நம் ஊர் மழையில் தாழ்வாரம் இல்லாத வீட்டுக்கு அதுவும் போதாது என்பேன். தரையில் அடித்துத் தெறிக்கும் சேற்றுநீர் ஒன்றரை அடி உயரம் வரை ஏறுவதை எந்த வெள்ளைச் சுவரிலும் பார்க்கலாம். கீழே ஒன்றரை அடிக்குக் கருங்கல்லோ செங்கல்லோ கட்டி, அதன் மேல் சட்டத்தை நிறுத்துவது செஞ்சிக்குப் பொருத்தம். கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை.

நீர் விஷயத்தில் பலகையை நம்பக் கூடாது. பலகை முதல் அரண் மட்டுமே. ஃபெஞ்சல் போன்ற மழையில், பக்கவாட்டுக் காற்றோடு வரும் நீர் எப்படியும் மேலேற்றத்துக்குள் கொஞ்சம் ஏறும். இரண்டாவது அரண் பலகைக்குப் பின்னால் சட்டத்தின் மேல் போர்த்தும் நீர்த்தடுப்புத் தாள். அதுவும் கீழிருந்து மேலாக, மேல் தாள் கீழ்த் தாளை மூடும்படிதான் போக வேண்டும். மாற்றிப் போட்ட ஒரே ஒரு மடிப்பு போதும், முழுச் சுவரின் நீரையும் அது ராக்வூலுக்குள் கொண்டுபோய் விடும். தாளுக்கும் பலகைக்கும் நடுவே செங்குத்தான பட்டைகள் வைத்து முக்கால் அங்குலக் காற்றுவழி விட்டால், நுழைந்த நீர் கீழே இறங்கி வடியும், ஈரம் காயும். மேல்நாட்டில் இதைக் கூடுதல் செலவு என்று சிலர் தவிர்க்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் ஈரம் விடாத நம் நாட்டில் தவிர்க்க முடியாது. காற்றுவழியின் கீழ்வாயில் வலை அடிக்க மறந்தால் மட்டும் எலிக்கும் பல்லிக்கும் நாம் வாடகை வாங்காமல் வீடு கொடுத்தவர்கள் ஆவோம்.

சுவர் ஒழுகுவது நடுவில் அல்ல, சன்னலின் தலையில். சன்னலுக்கு மேலே மடித்த தகடு ஒன்று நீர்த்தடுப்புத் தாளுக்கு உள்ளே நுழைந்து, வெளியே நீட்டி, நுனியில் கீழ்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். இது யாரும் கற்றுத்தர வேண்டிய அந்நிய வித்தை அல்ல. தொண்டூர் மலையில் கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழி எழுத்தோடு சமணர் படுக்கைகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட தமிழகக் குகைத்தளங்கள் பலவற்றில் பாறையின் நெற்றியில் நீள்காடி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். பாறை முகத்தில் வழியும் மழைநீர் அந்த விளிம்பைத் தாண்டி உள்ளே திரும்பாமல் சொட்டி விழும். உளியால் செய்ததைத் தகட்டால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நடைமுறையில் நடப்பது வேறு. தகட்டை விட்டுவிட்டு ஒரு டியூப் சிலிக்கானைப் பூசிவிட்டுப் போகிறார்கள். மேற்குச் சுவரின் வெயிலில் சில ஆண்டுகளில் அது சுருங்கி விரல் நுழையும் கீறலாகும். பலகையும் பலகையும் முட்டும் இடங்களுக்கும் இதே விதி: முட்டு சட்டத்தின் மேல்தான் வர வேண்டும், அதன் பின்னால் ஒரு துண்டுத் தகடு இருக்க வேண்டும், அடுத்தடுத்த வரிசை முட்டுகள் ஒரே கோட்டில் வரக் கூடாது. வெட்டிய ஓரங்களுக்கு அன்றைக்கே ப்ரைமர் அடிக்க வேண்டும். அந்த ஓரம்தான் நீரை உறிஞ்சும்.

வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. கட்டிங் மெஷினில் பலகையை அறுத்தால் எழும் வெண்தூசி வெறும் சிமென்ட் அல்ல, அதில் படிகச் சிலிக்கா இருக்கிறது. திருவக்கரைப் பக்கம் கல்குவாரி, கிரஷர் வேலை தெரிந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் தூசி நுரையீரலை என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கீறி ஒடிப்பது, கத்திரி மெஷின் பயன்படுத்துவது, வேறு வழியில்லாதபோது வெட்டவெளியில் நீர் விட்டு அறுப்பது, எதுவானாலும் தகுந்த முகமூடியோடு செய்வது என்பவை வேலைக்காரரின் உரிமை. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது.

வெயிலுக்கு இந்தச் சுவர் எப்படி? இதில் விற்பனையாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒரு பாதியைத்தான் பேசுகிறார்கள். ராக்வூல் வெப்பத்தைத் தடுக்கும், உண்மை. ஆனால் எஃகு மரத்தைவிட நானூறு மடங்கு அளவுக்கு வெப்பத்தைக் கடத்தும். 400 மில்லிமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் ஒவ்வொரு சட்டமும் வெளிவெயிலை உள்ளே கொண்டுவரும் பாலம். ராக்வூலின் பலனில் பாதியை இந்தப் பாலங்கள் தின்றுவிடும். சட்டத்துக்கு வெளியே ஒரு தொடர்ச்சியான வெப்பத்தடுப்பு அடுக்கோ, நான் மேலே சொன்ன காற்றுவழியோ இல்லாவிட்டால் சித்திரை மதியத்தில் உள்சுவரைத் தொட்டே சட்டம் எங்கே என்று சொல்லிவிடலாம். மறுபாதி: கனமான செங்கல் பகல் வெயிலைச் சேமித்து இரவில் உள்ளே கக்கும், இது அப்படிச் செய்யாது. மாலை ஏழு மணிக்குள் ஆறிவிடும். ஆகவே பகல் முழுதும் பள்ளி நடக்கும் அறைக்கும் இரவில் மட்டும் படுக்கும் மேல்மாடி அறைக்கும் ஒரே தீர்ப்பு சொல்ல முடியாது. பின்னதற்கு இது செங்கல்லைவிட நல்லது என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் பெரிய அளவில் இந்தச் சட்டமுறை சோதிக்கப்பட்ட இடம் அகர்தலா. 2021 ஜனவரி 1-இல் மத்திய அரசு அடிக்கல் நாட்டிய ஆறு 'லைட் ஹவுஸ்' திட்டங்களில் அங்கே மட்டும் மெல்லெஃகுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது, 1,000 வீடுகளுக்கு. அது நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதி. எடை குறைவு அங்கே உயிர்ப் பிரச்சினை. அதே திட்டத்தில் சென்னைப் பெரும்பாக்கத்தின் 1,152 வீடுகளுக்கு முன்வார்ப்புக் கான்கிரீட்டைத்தான் தேர்ந்தார்கள். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

நமக்குப் பாடம் அதிகம் இருப்பது பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம். போருக்குப் பிந்தைய வடக்கு, கிழக்கு இலங்கையில் 65,000 எஃகு வீடுகள் அமைக்கும் திட்டம் 2015, 2016-இல் முன்வந்தது. பணி ஆர்செலர்மித்தல் நிறுவனத்துக்கு என்று பேசப்பட்டது. ஒரு வீட்டின் விலை சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். அதற்குச் சில ஆண்டு முன்புதான் இந்திய உதவித் திட்டத்தில் வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கொடுத்து, மக்கள் தாங்களே கொத்தனாரை வைத்துக் கல்வீடு கட்டியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதில் வியப்பில்லை. அந்த வெப்பத்துக்குக் காற்றோட்டம் போதாது, விறகடுப்புக்கு இடமில்லை, அடித்தளம் பலவீனம், உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் நிற்கும், பழுதானால் யாரிடம் போவது, உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் என்ன வேலை என்று கேட்டார்கள். திட்டம் சுருங்கிக் கைவிடப்பட்டது. அந்தக் கேள்விகளில் பாதி பொறியியலுக்குரியவை, சரியான வடிவமைப்பில் விடை உண்டு. மறுபாதிக்கு எந்தத் திருகாணியும் விடை சொல்லாது. வீட்டுக்காரரைக் கேட்காமல் மேலிருந்து இறக்கிய சுவர் அது. ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரையில் தார் ஷீட்டில் எழுப்பிய தற்காலிகக் குடியிருப்புகளில் வெந்த குடும்பங்களுக்கும் இதே அனுபவம்தான். இலகுவான சுவர் என்றாலே மக்கள் முகம் சுளிப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கமும் சும்மா வந்ததல்ல. நம் வீட்டில் சுவர் என்பது சாமிப் படம், காலண்டர், டி.வி., பாத்திரப் பலகை, துணிக்கொடிக் கம்பி எல்லாவற்றையும் தாங்கும் பொருள். ஜிப்சம் போர்டில் அடித்த ஆணி ஒரு சாமிப் படத்தையே தாங்கும், பாத்திரம் நிறைந்த பலகையைத் தாங்காது. சமையலறையிலும் கூடத்திலும் எந்த உயரத்தில் என்ன மாட்டப்போகிறோம் என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டு, அந்த உயரங்களில் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே குறுக்குச் சேனல் வைத்த பிறகே உள்ளே மூட வேண்டும். ஃபேன் கொக்கிக்கும் ஊஞ்சலுக்கும் தனிக் கணக்கு.

ஆக, தொண்டூரில் ஒருவர் என்னிடம் கேட்டால் இடத்துக்கு இடம் வேறு பதில் சொல்வேன். பழைய வீட்டின் மேல் ஓர் அறை, தாராளமாக. விடுமுறைக்குள் முடிக்க வேண்டிய வகுப்பறை, மேற்குப் பக்கம் தாழ்வாரம் இருந்தால் சரி. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபின் பெருகக்கூடிய பயணியர் விடுதிகளுக்குப் பொருந்தும். ஆனால் தொல்லியல் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்ற சட்டம் செங்கல்லுக்குப் போலவே சிமென்ட் பலகைக்கும் உண்டு. 'கழற்றி மாட்டலாம்' என்ற வாதம் அங்கே செல்லாது. ஏரிக்கரைத் தாழ்வில், மாட்டுக்கொட்டகையோடு ஒட்டிய தரைத்தள வீடு என்றால் வேண்டாம். மாடு முட்டியும் வண்டி உரசியும் உடைந்த பலகையை மாற்ற அதே அளவு, அதே வடிவப் பலகை அந்த நேரத்தில் பக்கத்தில் கிடைக்க வேண்டும். கொத்தனார் ஒரு சட்டிக் கலவையில் முடிப்பதை இங்கே அப்படி முடிக்க முடியாது. எங்கே கட்டினாலும் பத்துப் பலகையைக் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

ஒப்பந்தம் எழுதும்போது விலையும் நாளும் எழுதுகிறோம். கூடவே தகட்டின் தடிமன், துத்தநாகப் பூச்சின் அளவு, சட்ட இடைவெளி, திருகாணியின் வகை ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: வெளிப்பலகை முடிந்து, உள் போர்டு மூடும் முன், சன்னல்களின் தலையிலும் மூலைகளிலும் ஹோஸ் பைப்பால் ஒரு மணி நேரம் நீர் அடித்து, ஒருவர் உள்ளே டார்ச் பிடித்துக்கொண்டு நின்று பார்க்க வேண்டும். கடைசித் தவணைப் பணம் அதற்குப் பிறகுதான்.